எண்மர் மேசையில் ஒரு விளக்கு

லோய் காம் சுன் சீனாவின் மக்காவு நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் எல்லைக்கு அப்பால் ஜுஹாயில் மணமுடித்துக் குடிபோனாள். வீட்டில் அவரோடு ஒலி எழுப்ப எஞ்சியிருந்தது ஒரு மின்விசிறி மட்டுமே, அதுவும் வேனிற்காலத்தில்தான். ஆதலால் அவர் மதிய உணவு முடிந்ததும் உள்துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சூதாட்ட விடுதிக்கு வந்து, முதல் மாடியிலுள்ள எண்மர் மேசையில் அமர்ந்து, பொழுது சாயும்வரை பகடையாடுவார்.

அதனை மேசை என்று அழைப்பது பழக்கத்தால். உண்மையில் அது பொறி. நடுவே கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம்; அதனுள் மூன்று பகடைகள்; அவற்றின் அடியில் அதிரும் தட்டு. சுற்றிலும் எட்டு இருக்கைகள், எட்டுத் தொடுதிரைகள். பந்தயம் வைக்கும் நேரம் தீர்ந்ததும் தட்டு தானே அதிர்ந்து பகடைகளை எற்றும். ஒவ்வொரு பகடையின் வயிற்றிலும் பொதிந்த சில்லைத் தட்டின் கீழுள்ள உணரி படித்து, எண்களைக் கூட்டி, எட்டுத் திரைகளுக்கும் ஒருசேர அறிவிக்கும். கூட்டுத்தொகை மிகுந்திருந்தால் பெரிது, குறைந்திருந்தால் சிறிது. எங்கள் ஊரார் இவ்விரண்டுக்கு அப்பால் அதிகம் ஆசைப்படுவதில்லை. இப்பொறியைப் பேணுவது என் தொழில். பெயரிட்டு அழைப்பார் இல்லை. எல்லார்க்கும் நான் ‘சிஃபு’. பழுது பார்ப்பவர் எவரையும் இங்கே அப்படித்தான் அழைப்பது.

கண்ணாடிக் கிண்ணத்தைச் சுற்றி ஓர் ஒளிவளையம் உண்டு. எட்டு இருக்கைக்கும் எட்டுப் பிரிவு. பெரிதின்மேல் வைத்தவரின் பிரிவு சிவப்பாகும். சிறிதின்மேல் வைத்தவரது நீலமாகும். அதை அமைத்த அயல்நாட்டார், ஒருவர் ஆட்டத்தை மற்றவர் கண்டு களிக்கட்டும் என்று கருதியிருக்கலாம். எங்கள் ஊரார் அதற்கு வேறொரு பயன் கண்டனர்.

எப்போதும் தோற்பவன் ஒருவன் கிடைத்தால், அவன் வைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்து வெல்லலாம் என்பது இங்குள்ள சூதாடிகள் கொள்கை. அத்தகையவனுக்கு ‘விளக்கு’ என்று பெயர். அதை எவரும் இகழ்ச்சியாகச் சொல்வதில்லை. நல்ல விளக்கு வாய்ப்பது அரிது. வாய்த்தால் அதற்கு உணவூட்ட வேண்டும். அதன் தோளைத் தொடலாகாது. பணமாக எதுவும் கொடுக்கலாகாது, கொடுத்தால் அணைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கு தன் பந்தயத்தை மனமார வைக்க வேண்டும். தோற்க வேண்டும் என்று எண்ணித் தோற்பவன் விளக்கல்லன், வெறும் தோற்பவன்.

காம் சுன் எங்கள் மேசையின் விளக்கு.

சிவப்புச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் உங் லாய் சியோங் என்ற அம்மையார்தான் அவரை முதலில் கண்டெடுத்தவர். அந்தப் பெருமையை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்கு எதிரிருக்கையில் வாடகைக் கார் ஓட்டும் ஃபோங் தாட். மற்ற இருக்கைகளில் வருவோர் மாறினாலும் இம்மூவர் மாறுவதில்லை.

ஒவ்வோர் ஆட்டமும் ஒரே ஒழுங்கில் நிகழும். நேரங்காட்டி ஓடத் தொடங்கும். ஏழு விரல்கள் ஏழு திரைகளுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். சன்னிதியில் திரை விலகக் காத்திருப்பார்போல் ஏழு முகங்களும் வளையத்தின் ஒரு பிரிவையே நோக்கியிருக்கும்.

“சுன் அண்ணே, அழுத்துங்க. நேரம் ஓடுது,” என்பார் லாய் சியோங்.

“இருங்க, யோசிக்கிறேன்.”

“நீங்க யோசிச்சு என்ன ஆகப் போகுது? சட்டுன்னு அழுத்துங்க.”

“அவசரப்படுத்தாதீங்க அக்கா,” என்று தாட் குறுக்கிடுவார். “மனசார வைக்கணும். மனசு இல்லாம வெச்சா வேலைக்காகாது.”

காம் சுன் மனமார அழுத்துவார். ஒரு பிரிவு சிவக்கும். அடுத்த கணம் ஏழும் நீலமாகும். பகடைகள் எற்றுண்டு விழும். சிறிது என்று திரை சொன்னால், “அடேயப்பா, இன்னைக்கு என்னமா எரியுது!” என்று தாட் வாய்விட்டு வியப்பார். பெரிது என்று வந்துவிட்டால், “திரி கொஞ்சம் கருகியிருக்கு” என்று லாய் சியோங் ஒதுக்கிவிடுவார். கருகிய வேளைகளை ஒருவரும் நினைவில் கொள்ளாமையால், காம் சுன் ஒருபோதும் வென்றதில்லை என்ற புகழ் மாடி முழுதும் பரவியிருந்தது. அவர் வைப்பது பொறி ஏற்கும் மிகச் சிறிய பந்தயம். அதைத் தாம் ஏறும் பேருந்தின் கட்டணம்போலக் கருதி, வருத்தமின்றிக் கொடுத்துவந்தார்.

ஈடாக அவருக்குக் கிடைத்தவை பல. லாய் சியோங் பாதாம் ரொட்டி கொணர்வார். தாட் சுடச்சுடக் கஞ்சி வாங்கி வருவார். இருமினால் எழுவர் நலம் விசாரிப்பார்கள். தடிமன் பிடித்தபோது மூன்று வகைக் கசாயம் வந்து சேர்ந்தது. மகளோடு அவர் தொலைபேசியில் பேசும்போது, “இங்க என்னை ஒரு நாள் காணலன்னா தேடுறாங்கம்மா” என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அது மிகையன்று.

புத்தாண்டு கழிந்த வாரத்தில் இந்நிலை மாறியது. காம் சுன் வெல்லத் தொடங்கினார்.

முதல் நாள் திரி கருகியது என்றனர். இரண்டாம் நாளும் அதையே சற்று மெல்லச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவர் சிவப்பு வைத்தால் பெரிதும், நீலம் வைத்தால் சிறிதும், ஏவல் கேட்பனபோல் வந்து விழுந்தன. எழுவரும் எதிர்ப்பக்கத்தில் நின்று வரிசையாகத் தோற்றனர். தாட் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினார்.

“சுன் அண்ணே, உண்மையச் சொல்லுங்க. என்ன மாத்துனீங்க?”

“நான் ஒண்ணும் மாத்தலையே.”

“முடி வெட்டுனீங்களா?”

“புத்தாண்டுக்கு முன்னாடியே வெட்டியாச்சு.”

“கோயிலுக்குப் போனீங்களா?” என்று லாய் சியோங் நெருங்கினார். “அம்மா கோயில்ல ஏதாவது வேண்டிக்கிட்டீங்களா?”

“முட்டி வலி போகணும்னு வேண்டிக்கிட்டேன்.”

“போச்சா?”

“இல்ல.”

“அப்ப அம்மா உங்க வேண்டுதல எங்கயோ மாத்திப் போட்டுட்டா,” என்றார் தாட். “காலத் தூக்குங்க பாப்போம்.”

காம் சுன் காலைத் தூக்கினார். காலணிக்கு மேலே செந்நிறக் காலுறை தெரிந்தது. நற்பேறு தரும் என்று புத்தாண்டுக்கு மகள் அனுப்பியது. மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. நோய் இன்னதென்று அறிந்தவர் விடும் மூச்சு அது. அவர் கழிப்பறைக்குப் போய்க் காலுறையைக் கழற்றி, சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். திரும்பியதும் வென்றார். “பையில வெச்சா மட்டும் விட்டுடுமா?” என்று அதையும் வாங்கி, லாய் சியோங் தம் கருவாட்டுப் பையில் போட்டுக் கட்டினார். அதன் பின்னும் வென்றார்.

மறுநாள் அவரைத் தலைவாயில் வழியாக வரச் செய்தனர். ஆடுவோர் யாவரும் பக்கவாயிலில் நுழைவதே எங்கள் ஊர் வழக்கு. தலைவாயிலின் முகப்பு வாய் திறந்த விலங்கின் வடிவில் கட்டப்பட்டது, அதனுள் புகுவோரின் பேறு விழுங்கப்படும் என்பர். காம் சுன் அந்த வாய்க்குள் மும்முறை போய் மும்முறை மீண்டார். காவலர் அவரை விசாரித்தார். பிறகு மாடியேறி வந்து, உட்கார்ந்து, வென்றார்.

அதன்பின் என்னை அழைத்தனர்.

“சிஃபு, பகடைய மாத்துனீங்களா?” என்று கேட்டார் தாட்.

“மாத்தினேன். புத்தாண்டுக்கு முன்னாடி. வழக்கமா மாத்தறதுதான்.”

“பாத்தீங்களா அக்கா! பழைய பகடைக்கு இவரத் தெரியும். புதுசுக்கு ஆளே தெரியல.”

“பகடைக்கு யாரையும் தெரியாதுங்க,” என்றேன்.

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார் தாட்.

அவ்வாரத்தின் இறுதியில் லாய் சியோங், கடையில் சரக்கு வந்திருப்பதாகச் சொல்லி வராமல் நின்றார். தாட் தூணுக்கு அப்பாலுள்ள வேறொரு பொறிக்குப் போய், முதுகைக் காட்டி அமர்ந்துகொண்டார். புதியவர் இருவர் வந்து காம் சுன்னின் பின்னே நின்று, மேசையின் வரலாற்றை யாரிடமோ கேட்டறிந்து, அகன்றனர். வெல்பவரோடு சேர்ந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். நேற்றுவரை விளக்காயிருந்தவரின் பக்கம் நிற்கும் துணிவு ஒருவருக்கும் இல்லை. தாங்கள் மாறிய அக்கணமே அவரும் மாறிவிடுவார் என்று அஞ்சினர். ஆகவே எண்மர் அமரும் மேசையில் காம் சுன் தனித்து அமர்ந்து வென்றுகொண்டிருந்தார். ஒளிவளையத்தில் ஒரு பிரிவு மட்டும் சிவப்பும் நீலமுமாக மாறிக்கொண்டிருந்தது. இருமினார். எவரும் விசாரிக்கவில்லை.

அவர் அஞ்சியது பணத்துக்கன்று. ஏழு வெற்று நாற்காலிகளுக்கு. அன்று மாலை ஊழியர் வாயிலருகே, நான் பன்றியிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்த கடைக்கு வந்து, எதிரே அமர்ந்தார்.

“சிஃபு, ஒரு உதவி. என்னைத் தோக்க வைக்க முடியுமா?”

நான் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: “அந்தப் பெட்டிக்கு அரசாங்க முத்திரை போட்டிருக்கு. அதுக்குள்ள நான் கை வெச்சா என்னைத்தான் உள்ள வைப்பாங்க. உங்கள ஜெயிக்க வைக்கவும் முடியாது, தோக்க வைக்கவும் முடியாது.”

“முன்னெல்லாம் நல்லா தோத்துக்கிட்டு இருந்தேனே?”

“அது உங்க சொந்த முயற்சி.”

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: “நம்ம ஊர்ல வண்டி இடப்பக்கம் போகுது. பாலம் தாண்டி ஜுஹாய்க்குள்ள போனா வலப்பக்கம் போகுது. சரிதானே?”

“சரிதான்.”

“வண்டி அதேதான். ஓட்டுறவனும் அதேதான். பக்கத்த மட்டும் மாத்திக்கணும்.”

“நீங்க என்ன சொல்ல வர்றீங்க?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க,” என்று எழுந்துபோனார்.

மறுநாள் முதல் அவர், மனம் பெரிது என்று சொன்னால் சிறிதை அழுத்தினார். சிறிது என்றால் பெரிதை. விரும்பியபடியே தோற்றார். தூணுக்கு அப்பாலிருந்து அதைத் தாட் ஓரக்கண்ணால் கவனித்தார். சிறிது நேரத்தில் நாற்காலியைத் திருப்பினார். இன்னும் சிறிது நேரத்தில் எழுந்து வந்தார். அடுத்த நாள் கருவாட்டுச் சரக்கு அனைத்தும் விற்றுத் தீர்ந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டு லாய் சியோங் வந்தார். பாதாம் ரொட்டி வந்தது. வளையம் மறுபடியும் ஒன்று சிவப்பும் ஏழு நீலமுமாக ஒளிர்ந்தது. “திரும்ப ஏத்திட்டாங்கப்பா!” என்று தாட் மகிழ்ந்தார்.

இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காரணம் காம் சுன்னின் முகம். பேருந்து ஓட்டுநர்க்கு முகத்தை மறைக்கும் பயிற்சி இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுதும் பயணிகளுக்கு முதுகையே காட்டியவர்கள். ஒருநாள் பகடைகள் விழுந்து அவர் தோற்றதும், லாய் சியோங் தம் திரையைப் பாராமல் அவரையே உற்றுப் பார்த்தார்.

“சுன் அண்ணே, இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?”

“சிரிக்கலையே.”

“தோத்தவன் மூஞ்சியா இது? நான் கருவாடு விக்கறவ. மோந்து பாக்கும்போது பிடிக்காத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேரம் பேசுறவங்கள தினமும் பாக்கறேன். உங்களுக்கு மனசுல நீலம்தானே இருந்துச்சு? எதுக்குச் சிவப்ப அழுத்துனீங்க?”

ஒருவர் விரலும் திரையில் படவில்லை. நேரங்காட்டி ஓடித் தீர்ந்தது. பொறி எவருக்காகவுமின்றி ஒருமுறை குலுக்கியது.

“ஆமா,” என்றார் காம் சுன். “மாத்தித்தான் அழுத்துறேன்.”

“எத்தனை நாளா?”

“நீங்கல்லாம் திரும்பி வந்ததிலேருந்து.”

“எங்கள ஏமாத்துனீங்களா?” என்றார் தாட்.

“நீ ஜெயிச்சேல்ல?”

“ஜெயிச்சேன். அது வேற விஷயம்.”

“நான் ஜெயிச்சா நீங்க எந்திரிச்சுப் போயிடுறீங்க. தோத்தா உக்காந்திருக்கீங்க. உக்காந்திருக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்,” என்றார் காம் சுன். அதை அவர் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்.

இதற்கு எவரும் உருகினார் என்று நான் எழுதினால் அது பொய். அங்கே எழுந்தது ஒரு கோட்பாட்டு வழக்கு. கையால் வைத்தது பந்தயமா, மனத்தால் வைத்தது பந்தயமா? கைதான் என்றார் தாட். தாம் வென்ற ஆட்டங்கள் அனைத்தும் அதனால் செல்லுபடியாகும். மனந்தான் என்றார் லாய் சியோங். அப்படியானால் காம் சுன் இன்றளவும் மனத்தில் வென்றுகொண்டிருக்கிறார், விளக்கு என்றோ அணைந்துபோயிற்று. தீர்ப்புக்கு என்னை அழைத்தனர்.

“தட்டு பகடையப் படிக்குது. திரை விரலப் படிக்குது. மனசப் படிக்க இதுல எதுவும் வைக்கல,” என்றேன்.

“கேட்டீங்களா?” என்றார் தாட்.

“கேட்டேன். அப்ப இந்த மிஷினு அரைகுறைதான்,” என்றார் லாய் சியோங்.

காம் சுன் திரையைத் தம் பக்கம் சற்றுச் சாய்த்துக்கொண்டார். “இனி மனசுல படறத அப்படியே அழுத்துறேன். என்னால மாத்தி மாத்தி ஓட்ட முடியல, தலை சுத்துது. இருக்கறவங்க இருங்க. போறவங்க போங்க.”

சொல்லிவிட்டு அழுத்தினார். அவரது பிரிவு சிவந்தது. அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாட் தயங்காமல் நீலம் வைத்தார். “ஒரு தடவ விளக்குன்னா எப்பவும் விளக்குதான்.”

லாய் சியோங்கின் விரல் திரைக்கு மேலே நின்றது. நேரம் தீரும் தறுவாயில் அது இறங்கியது. அவரது பிரிவு சிவப்பாயிற்று.

“என்ன அக்கா, அவர் பக்கமா நிக்கறீங்க?”

“ஜெயிக்கிற ஆளு பக்கம் நிக்கறதுக்கு உன்கிட்டச் சீட்டு வாங்கணுமா? போடா.”

மற்றவர் அங்கும் இங்குமாகப் பிரிந்தனர். அந்த வளையம் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒளிர்ந்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன். அமைத்தவர்கள் கருதியது ஒருகால் இதுவாக இருக்கலாம். பகடைகள் விழுந்தன. எது வந்தது என்பது பொருளன்று. எது வந்தாலும் பாதிப்பேர் காம் சுன்னை வாழ்த்தவும் பாதிப்பேர் வையவும் வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்தில் வாழ்த்தியவர் வைதனர். எவரும் எழுந்துபோகவில்லை. எழுந்துபோனால் எதிர்க்கட்சி சொன்னது மெய் என்றாகிவிடும்.

இவ்வாறு அம்மேசையில் இரு சமயங்கள் தோன்றின. தாட்டும் லாய் சியோங்கும் தம்முள் நேரே பேசுவதை நிறுத்திவிட்டு, காம் சுன் வழியாகவே பேசினர். “அண்ணே, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, நேத்து யாரு சொன்னது சரியாச்சுன்னு.” “அண்ணே, அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க, முந்தாநாள் யாரு சொன்னதுன்னு.” காம் சுன் இரண்டு செய்திகளையும் பழுதின்றிச் சேர்ப்பித்தார், இரு தரப்பின் கஞ்சியையும் குடித்தார்.

இளவேனிலில் ஜுஹாயில் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் எடுக்கும் முழுமாத விருந்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். மறுநாள் பிற்பகல் மேசையில் எழுவர் வந்தமர்ந்தனர். நேரங்காட்டி ஓடியது. ஏழு விரல்கள் எழுந்து நின்றன. வளையம் இருண்டிருந்தது. பகடைகள் குலுங்கி விழுந்தன, பெரிது. மறுபடியும் ஓடியது, சிறிது. ஒருவரும் எதையும் தொடவில்லை.

பணிப்பெண் வந்து, “ஆடாம உக்காரக் கூடாதுங்க அக்கா, விதி,” என்றாள்.

“ஆடத்தான் போறோம். இரு,” என்றார் லாய் சியோங்.

மேசையருகே தொலைபேசி எடுக்கலாகாது. ஆகவே அவர் படியிறங்கி நடைபாதைக்கு வந்தார். கேட்காமலே தாட்டும் பின்தொடர்ந்து வந்தார். தேநீருக்காக நான் அங்கே நின்றிருந்தேன். லாய் சியோங் எண்ணை அழுத்தி, எல்லார்க்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் தட்டுகளின் ஓசையும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

“சுன் அண்ணே, எங்க இருக்கீங்க?”

“பேரனோட முழுமாசம். நேத்தே சொன்னேனே.”

“சொன்னீங்க. பெரிசா சிறிசான்னு சொல்லிட்டுப் போகலையே.”

“இங்கேருந்து எப்படிச் சொல்றது? கண்ணாடியப் பாத்தாத்தானே எனக்கு ஏதாவது தோணும்.”

“சும்மா ஒண்ணு சொல்லுங்கண்ணே!” என்று தாட் கழுத்தை நீட்டிக் கத்தினார்.

“சும்மா சொன்னா நீதான் மனசாரச் சொல்லலன்னு சண்டைக்கு வருவே.”

தாட் நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டார்.

“நான் இல்லாட்டி என்ன, நீங்க ஆடுங்களேன்,” என்றார் காம் சுன்.

“என்னத்த ஆடுறது?” என்றார் லாய் சியோங். “எனக்கு யார் பக்கம் நிக்கறதுன்னு தெரியல. இவனுக்கு யார எதிர்க்கிறதுன்னு தெரியல. ஏழு பேரும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கோம். அந்தப் பொண்ணு வந்து விதி பேசிட்டுப் போறா.”

மறுமுனையில் அவர் யாரிடமோ பேருந்து நேரம் விசாரித்தார்.

“நாளைக்கு மத்தியானம் வந்துடுறேன்,” என்றார் காம் சுன்.

“விருந்துல குடுக்கிற சிவப்பு முட்டை எடுத்துட்டு வாங்க. எல்லாருக்கும்,” என்றார் லாய் சியோங். “தாட்டுக்கு வேணாம். அவனுக்குக் கொழுப்பு.”

“எனக்கு ரெண்டு!” என்றார் தாட். பல நாட்களுக்குப் பின் அவர்கள் நேரே பேசிக்கொண்டது அதுதான். அதுவும் கணக்கில் சேராது என்று இருவரும் பின்னர் மறுத்தனர்.

இருவரும் மேலே போகவில்லை. லாய் சியோங் கடைக்கும் தாட் தம் வண்டிக்கும் சென்றனர். நான் திரும்பியபோது மற்ற ஐவரும் கலைந்திருந்தனர். பொறி தன் ஒழுங்கு தவறாமல் நேரத்தை ஓட்டி, பகடைகளைக் குலுக்கி, எண்ணைக் கூட்டி, எட்டு வெற்று நாற்காலிகளுக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் முழுதும் அங்கே எவரும் தோற்கவில்லை.